பன்னிரண்டாவது குப்பி

என் சித்தி டாக்டர். ஆனால் ஊசி போடாத டாக்டர். உறவுக்காரர்கள் வீட்டுக்கு வந்தால் முழங்கால் வலிக்கும் தலைசுற்றலுக்கும் அவளிடம்தான் மாத்திரை கேட்பார்கள். "நான் அந்த டாக்டர் இல்லைங்க" என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், கடைசியில் "சுடுதண்ணி குடிங்க, சரியாயிடும்" என்று சொல்ல ஆரம்பித்தாள். இரண்டு பேருக்குச் சரியாகியும் விட்டது. அதற்குப் பிறகு அவள் பேரும் புகழும் இன்னும் பரவிவிட்டன.

அவள் பார்த்தது செல்களை. செல்லுக்குள்ளும் ஒரே ஒரு புள்ளியை. அதற்கு சென்ட்ரோசோம் என்று பெயர். எனக்குப் பத்து வயது இருக்கும்போது, பழைய உறையின் பின்பக்கத்தில் வட்டம் போட்டு விளக்கினாள்.

"ஒரு செல் ரெண்டாகுறதுன்னா அண்ணன் தம்பி பாகம் பிரிக்கிற மாதிரி. ஒரு குண்டுமணி கூடக் குறையாம ரெண்டு பேருக்கும் சமமாப் போகணும். அதுக்கு முன்னாடி இந்தப் புள்ளி ரெண்டாகும். ஆளுக்கொரு பக்கமாப் போய் நின்னு நூல் விடும். அந்த நூல் இழுத்துத்தான் பாகம் பிரியும்."

"புள்ளி ரெண்டாகலைன்னா?"

"அப்புறம் பஞ்சாயத்துதான்."

"பத்து வருஷமா ஒரே புள்ளியில நிக்கிற ஆளை நான் இவங்ககிட்டதான் பாக்கறேன்" என்று அப்பா கேலி செய்வார். சித்தி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யாராவது வற்புறுத்தினால், "பிரிவினையைப் படிக்கிறவளுக்குச் சேர்க்கை எப்படிங்க வரும்?" என்று சிரித்துக்கொண்டே எழுந்துபோய்விடுவாள்.

அவளுடைய ஆய்வகம் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்தது. மைக்ராஸ்கோப் அறைக்கு ஜன்னல் கிடையாது. கறுப்புத் திரை போட்டிருக்கும். இயந்திரத்துக்குக் குளிர் வேண்டும் என்பதால் வருஷம் முழுவதும் முழங்கையில் ஓட்டை விழுந்த அதே ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கதவில் அவள் கையெழுத்தில் ஒரு தாள்: "உள்ளே நான் இருக்கிறேன். தயவுசெய்து விளக்கைப் போடாதீர்கள்."

அம்மா அவளைவிட எட்டு வயது மூத்தவள். தாய் தகப்பன் இருவரும் அடுத்தடுத்துப் போய்விட்டதால், அம்மா கல்லூரியைப் பாதியில் விட்டுவிட்டு ஒரு பல் டாக்டரின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து தங்கையைப் படிக்கவைத்தாள். சித்திக்கு நாற்பது வயது தாண்டிய பிறகும் அம்மா அவளை "பாப்பா" என்றுதான் கூப்பிடுவாள். "என்னடி பாப்பா, சாப்பிட்டியா?" என்று தினமும் ஒரு போன். சித்தி எந்தப் பெரிய கூட்டத்தில் இருந்தாலும் அந்த போனை எடுத்துவிடுவாள்.

எனக்குப் பதினொரு வயதானபோது தங்கை பிறந்தாள். பிறந்த அன்றே நர்ஸ் டேப்பை அவள் தலையைச் சுற்றி மூன்று தடவை வைத்து அளந்தாள். மூன்று தடவையும் ஒரே அளவுதான் வந்தது. முகம் அழகான முகம். அதற்கு மேலே இருக்கவேண்டிய தலை மட்டும் பாதியில் நின்றுபோனதுபோல் சின்னதாக இருந்தது. உள்ளே மூளையும் அப்படித்தான் என்றார் குழந்தை டாக்டர். நடப்பாள், ஆனால் தாமதமாக. பேச்சு வந்தாலும் வரலாம்.

அவளுக்கு வந்தது ஒரே ஒரு சொல். "ஆமா."

பசிக்குதா? ஆமா. தூக்கம் வருதா? ஆமா. நீ கழுதையா? ஆமா. அப்படிச் சொல்லும்போது இரண்டு கையையும் தட்டிக்கொள்வாள். நாங்கள் எல்லாரும் அவளை ஆமாக்குட்டி என்றே கூப்பிட்டோம். அவளுக்கு வைத்த பேர் மருந்துச்சீட்டில் மட்டும் இருந்தது.

அம்மாவுக்கு ஒரு முள் இருந்தது. ஐந்தாம் மாதத்தில் ஒரு வாளித் தண்ணீரோடு மாடிப்படியில் வழுக்கி இரண்டு படி உட்கார்ந்தபடியே இறங்கியிருந்தாள். குழந்தையைப் பார்க்க வந்த அத்தை, அப்பாவின் அக்கா, "வயித்துல புள்ளைய வெச்சுக்கிட்டு வாளியத் தூக்குனா இப்படித்தான்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்றிலிருந்து அம்மா அந்தப் படியில் இறங்கும்போதெல்லாம் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் நிற்பாள்.

சித்தி மட்டும் வேறொன்றை யோசித்தாள். இப்படிச் சின்னத் தலையோடு பிறக்கும் குழந்தைகளில் சிலருக்கு, அவள் பத்து வருஷத்துக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருந்த அந்தப் புள்ளியில்தான் கோளாறு என்று எங்கெங்கோ ஒன்றிரண்டு பேர் எழுதத் தொடங்கியிருந்தார்கள். உலகத்தில் எத்தனையோ வீடு இருக்க, அது தன் அக்கா வீட்டுக்கே வந்து உட்கார்ந்திருக்கிறதோ என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. எங்களிடம் சொல்ல ஒரு வருஷம் எடுத்துக்கொண்டாள்.

"கையில உள்பக்கம் மிளகு அளவு தோல் எடுக்கணும் அக்கா. மரத்துப்போக மருந்து போட்டுடுவாங்க. அதுல இருந்து செல்லை வளர்த்துப் பாக்கலாம்."

"பார்த்தா குணமாயிடுமா?"

"ஆகாது. ஏன் இப்படின்னு தெரிய வரும்."

அம்மா வெகுநேரம் யோசித்தாள். அப்புறம், "சரி, எடு" என்றாள். மருத்துவமனையில் சித்தி குழந்தையின் முன்னால் குனிந்து, "ஆமாக்குட்டி, சித்தி உங்கிட்ட இருந்து கொஞ்சூண்டு எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டாள். "ஆமா" என்று கை தட்டினாள் அவள். டாக்டர், நர்ஸ், நாங்கள் எல்லாரும் சிரித்துவிட்டோம்.

அந்த மிளகு அளவுத் தோல் இளஞ்சிவப்பு நீரில் ஒரு மாதம் கிடந்து வேர் விட்டதுபோல் பரவியது. சித்தி அதைப் பன்னிரண்டு சின்னக் குப்பிகளில் பிரித்து, திரவ நைட்ரஜன் தொட்டிக்குள் உறையவைத்தாள். அந்தக் குளிரில் செல் சாகாது. எடுத்து வெதுவெதுப்பாக்கினால் விட்ட இடத்திலிருந்து வாழத் தொடங்கும். ஒரு நாள் லேப்டாப்பில் ஓடும் படம் ஒன்று கொண்டுவந்து காட்டினாள். சப்பையாகக் கிடந்த ஒரு செல் மெல்ல உருண்டு, பந்தாகி, தயங்கித் தயங்கி நடுவில் இடுப்பு விழுந்து இரண்டானது.

"இது இவளாடி?" என்றாள் அம்மா.

"இவளேதான். பன்னெண்டு குப்பியில எங்க தொட்டிக்குள்ள பத்திரமா இருக்கா."

விளையாட்டாகச் சொன்னதுதான். அம்மா அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆமாக்குட்டிக்கு வலிப்பு வந்து ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்த நாட்களில், "எது எப்படிப் போனாலும் பாப்பாகிட்ட அவ பத்திரமா இருக்கா" என்று அம்மா தனக்குத்தானே சொல்லிக்கொள்வதை நான் கேட்டிருக்கிறேன்.

காரணம் தெரிய இன்னும் ஒன்றரை வருஷம் ஆனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தி வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறைக்குள் போனாள். அம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, மாடிப்படி இல்ல."

"என்னடி?"

"நீ விழுந்ததால இல்ல. அந்தப் புள்ளியை ரெண்டாக்குற ஜீன்ல ஒரு எழுத்து தப்பு. உங்கிட்ட ஒண்ணு, மாமாகிட்ட ஒண்ணு. உங்க ரெண்டு பேருக்கும் இன்னொரு நல்ல பிரதி இருந்ததால ஒண்ணும் தெரியல. ரெண்டு தப்பும் இவகிட்ட வந்து சேர்ந்துடுச்சு. நீ படியில இறங்காம படுத்தே கிடந்திருந்தாலும் இவ இப்படித்தான் பொறந்திருப்பா."

அம்மா குழாயை மூடவில்லை. சோப்புக் கையோடு சித்தியைக் கட்டிக்கொண்டு, சத்தம் போட்டு அழுதாள். நான் அவள் அப்படி அழுது அதுவரை பார்த்ததில்லை. அப்பா கூடத்தில் பேப்பரை விரித்தபடி இருந்தார், பக்கம் திருப்பவில்லை.

அந்தப் பிழை என்ன செய்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் சித்தியின் அடுத்த ஆறு வருஷம். ஆமாக்குட்டியின் செல்லில் புள்ளி இரண்டாக நேரமெடுத்தது. நூல் கோணலாக விழுந்தது. செல் பிரிய முடியாமல் காத்துக் கிடந்தது. தோலில் எப்படியோ சமாளித்துவிடும். கருவில் மூளை வளரும் அவசரத்தில் சமாளிக்க முடியாது. இதைப் பார்க்கப் பார்க்கக் குப்பிகள் குறைந்தன. தோல் செல்லுக்கு ஆயுள் உண்டு. இத்தனை தடவைக்கு மேல் பிரியாது, கிழடு தட்டி அகலமாகப் படுத்துவிடும். சிலது அப்படிப் போயின. ஒரு மழைக்காலத்தில், செல்களை வெதுவெதுப்பாக வைத்து வளர்க்கும் பெட்டியான இன்குபேட்டருக்குள் பூஞ்சை பிடித்து இரண்டு குப்பி வீணாயின. அன்றைக்கு சித்தி இன்குபேட்டரை உள்ளும் புறமும் தானே துடைத்தாளாம், ஆராய்ச்சி மாணவியைத் தொடவிடவில்லையாம்.

கட்டுரையை எழுதி அனுப்பினாள். அதை மதிப்பிட்டவர்கள் ஒரு கேள்வி கேட்டார்கள்: பிழையில்லாத ஜீனை இந்தச் செல்களுக்குள் கொண்டுபோய் வைத்தால் புள்ளி சரியாக இரண்டாகிறதா? அதைக் காட்டினால்தான் நம்புவோம். நியாயமான கேள்வி. சித்தியே வேறொருவர் கட்டுரைக்கு அதைத்தான் கேட்டிருப்பாள். தொட்டியில் அப்போது ஒரு குப்பி இருந்தது.

இன்னொரு முறை தோல் எடுக்கலாம் என்று நினைத்திருக்கிறாள். ஆனால் அந்த மாதம் ஆமாக்குட்டிக்கு விடாத இருமல். இருமல் அடங்கட்டும், அப்புறம் அக்காவிடம் கேட்கலாம் என்று தள்ளிப்போட்டாள். கட்டுரையைத் திருப்பி அனுப்ப மூன்று மாத அவகாசம்தான். கடைசிக் குப்பியை எடுத்து வெதுவெதுப்பாக்கினாள். கொஞ்சம் பெருக்கி மறுபடி உறையவைக்கலாம் என்ற எண்ணமும் இருந்ததாம். செல்கள் ஏற்கெனவே தளர்ந்திருந்தன. சோதனைக்கே மட்டுமட்டாகத்தான் தேறின.

நல்ல ஜீன் உள்ளே போனது. புள்ளி இரண்டானது. ஆளுக்கொரு பக்கம் போய் நின்று நூல் விட்டன. பாகம் சரியாகப் பிரிந்தது. ஒன்பது வருஷத்தில் முதல்முறையாக என் தங்கையின் செல்கள் உலகத்தில் எல்லாருடைய செல்களையும்போல நடந்துகொண்டன, ஒரு கண்ணாடித் தட்டில், இரண்டு நாள். பிறகு படம் எடுப்பதற்காக அவற்றை அப்படி அப்படியே மருந்தில் நிறுத்தினார்கள். மருந்தில் நிறுத்திய செல் மறுபடி அசையாது.

கட்டுரை ஏற்கப்பட்டது. சித்தி எங்கள் வீட்டுக்கு வந்து சொன்னாள். அம்மா அவளுக்குத் திருஷ்டி சுற்றாத குறையாக முகத்தை வழித்து முத்தமிட்டாள். குப்பி தீர்ந்த கதையை சித்தி அன்றைக்குச் சொல்லவில்லை. சொல்லவேண்டும் என்றே தோன்றவில்லை என்று பிற்பாடு என்னிடம் சொன்னாள். ஆமாக்குட்டிதான் அவள் மடியிலேயே உட்கார்ந்து ஸ்வெட்டர் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தாளே.

அந்த இருமல் அடங்கவில்லை. நெஞ்சுச் சளி நுரையீரலில் இறங்கியது. ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். ஆறாம் நாள், மதியச் சாப்பாட்டு வண்டி வராந்தாவில் உருண்டு போய்க்கொண்டிருந்தபோது, மூச்சு நின்றது. அம்மா ஒரு கையால் அவள் காலைப் பிடித்திருந்தாள். காலில் சூடு இருந்ததால் அம்மா நம்பவில்லை. சூடு இறங்கும்வரை யாரையும் பக்கத்தில் விடவில்லை.

ஐந்து வாரம் கழித்து அம்மா சித்திக்கு போன் செய்தாள். "நாளைக்கு வரேன் பாப்பா. அவளைப் பாக்கணும்." "வாக்கா" என்றாள் சித்தி.

நான்தான் கூடப் போனேன். அம்மா தலை வாரி, இஸ்திரி போட்டதை எடுத்து உடுத்தியிருந்தாள். பேருந்தில் ஜன்னலைப் பார்த்தபடி கேட்டாள்: "தொட விடுவாங்களா? கண்ணாடிக்கு மேலயாவது?"

கீழ்த்தளத்து வராந்தாவில் அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு நான் தண்ணீர் பிடிக்கப் போனேன். ஆய்வகக் கதவு திறந்திருந்தது. ஆராய்ச்சி மாணவி தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"மேடம், இன்குபேட்டர்ல வேற செல் நல்லாப் பிரிஞ்சுக்கிட்டு இருக்கு. அதை வெச்சுடட்டுமா? அவங்களுக்கு வித்தியாசம் தெரியாது."

சித்தி அந்த இன்குபேட்டரின் கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வேணாம்மா" என்றாள்.

திரையை விலக்கி அம்மாவை உள்ளே கூட்டிப்போய், இருக்கையின் உயரத்தைச் சரிசெய்து, கண்ணை எங்கே வைக்கவேண்டும் என்று காட்டினாள். அம்மா குனிந்து பார்த்தாள். நீலத்தில் நடுப்பகுதி, பச்சையில் நூல்கள், இரண்டு முனையிலும் சிவப்பாக ஒவ்வொரு புள்ளி. நானும் பின்னால் கம்ப்யூட்டர் திரையில் பார்த்தேன்.

"எவ்ளோ அழகா இருக்கா" என்றாள் அம்மா. கொஞ்ச நேரம் கழித்து, கண்ணை எடுக்காமலே, "ஏண்டி அசைய மாட்டேங்கறா?"

"படம் எடுக்கறதுக்காக அப்படியே நிறுத்தினது அக்கா."

"நிறுத்தினதுன்னா?"

"உயிர் இல்ல."

"சரி. உயிரோட இருக்கறதக் காட்டு. அந்தத் தொட்டியில இருந்து எடு. எவ்ளோ நேரமானாலும் நான் உக்காந்திருக்கேன்."

"இல்லக்கா."

"வேலை ஜாஸ்தியா?"

"தீர்ந்துடுச்சுக்கா."

"தீர்ந்துடுச்சா?" வீட்டில் சர்க்கரை தீர்ந்துவிட்டதா என்று கேட்பதுபோலத்தான் கேட்டாள். "பன்னெண்டு இருந்துதேடி."

சித்தி ஒன்றையும் மறைக்கவில்லை. பூஞ்சையைச் சொன்னாள், கிழடு தட்டியதைச் சொன்னாள், கடைசிக் குப்பியைச் சொன்னாள். "அவ நம்ம கண்ணு முன்னாடி இருந்தா அக்கா. மறுபடி எடுத்துக்கலாம்னு நினைச்சேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

சித்தி தலையை ஆட்டினாள், இல்லை என்று.

"அவகிட்ட?" என்றாள் அம்மா. பிறகு தானே சொன்னாள்: "அவகிட்ட கேட்டிருந்தாலும் ஆமான்னுதான் சொல்லியிருப்பா. எதுக்குத்தான் அவ ஆமான்னு சொல்லல."

எழுந்தாள். கதவுவரை போய்த் திரும்பி, "அவ எனக்கு ரெண்டு தடவை செத்துட்டா பாப்பா" என்றாள்.

வெளியே வந்த பிறகுதான் அம்மாவின் கைப்பை உள்ளேயே இருப்பது தெரிந்தது. எடுக்க நான் திரும்பிப் போனேன். சித்தி ஒரு மெல்லிய தாளால் மைக்ராஸ்கோப்பில் கண் வைக்கும் இடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அது முழுக்க அம்மாவின் கண்ணீராக இருந்தது. பையை எடுத்து என் கையில் கொடுத்தாள். "படி பாத்து ஏறச் சொல்லு" என்றாள்.

அதற்குப் பிறகு நாலு வருஷம் போன் இல்லை. அப்பா ஓய்வுபெற்ற அன்று சித்தி வீட்டுக்கு வந்தாள். அம்மா கதவைத் திறந்தாள். "வாங்க, உக்காருங்க" என்றாள்.

எடுத்து வளர்த்த தங்கைக்கு "வாங்க". சண்டை போட்டிருந்தால், செருப்பை எடுத்து எறிந்திருந்தால்கூட சித்தி தாங்கியிருப்பாள். அந்த "ங்க"வைத் தாங்க முடியவில்லை. காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பாதிகூடக் குடிக்காமல் எழுந்துவிட்டாள்.

மனிதச் செல்லில் வேலை செய்வதையே அவள் விட்டுவிட்டாள். குளத்துப் பாசி ஒன்று இருக்கிறதாம். ஒரே செல், இரண்டு வாலை அடித்து நீந்தும். அந்த வாலின் அடியிலும் இதே புள்ளியின் உறவுதான் இருக்கிறதாம். ஓய்வு பெறும்வரை அதைப் பார்த்தாள். பெரிய பதவி எதுவும் வரவில்லை. "ஏன் சித்தி பாசிக்குப் போனீங்க?" என்று கேட்டேன். "அதுக்கு அக்கா கிடையாது" என்றாள். சிரிக்கத்தான் சொன்னாள். நாங்கள் இருவருமே சிரிக்கவில்லை.

அந்தக் கட்டுரையால் பலன் இல்லாமல் இல்லை. எங்கெங்கோ இருந்த குடும்பங்களுக்கு அதைவைத்துப் பரிசோதனை செய்து காரணம் சொன்னார்கள். எனக்கும்தான். அம்மாவின் பிழையோ அப்பாவினுடையதோ, ஒன்று என்னிடமும் இருந்தது. என் கணவரிடம் இல்லை என்று தெரிந்த பிறகுதான் குழந்தை பெற்றுக்கொண்டேன். மகள் பிறந்தபோது சித்தி ஆஸ்பத்திரிக்கு வந்து அறை வாசலிலேயே நின்றாள். அம்மா தொட்டிலருகில் இருந்தாள்.

"கை கழுவிட்டுத் தூக்குங்க" என்றாள் அம்மா.

சித்தி முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவினாள். குழந்தையை வாங்கி, தலையை உள்ளங்கையில் ஏந்தினாள். கை நிறைந்திருந்தது. ஒரு நிமிஷம்கூட வைத்துக்கொள்ள முடியாமல் என்னிடம் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டாள். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பி, மடித்து வைத்திருந்த துணிகளை மறுபடி பிரித்து மடித்தாள்.

அம்மா இறந்து இரண்டு வருஷமாகிறது. கடைசிவரை "வாங்க, போங்க"தான். சித்தி தினமும் வந்து அவளுக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்தாள், நகம் வெட்டிவிட்டாள். அம்மா மறுக்கவில்லை. அந்தக் குப்பியைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

போன மாதம் மகளோடு சித்தி வீட்டுக்குப் போயிருந்தபோது, இத்தனை வருஷம் கேட்காததைக் கேட்டேன். "அன்னைக்கு நான் வெளிய நின்னு கேட்டேன் சித்தி. வேற செல்லைக் காட்டியிருந்தா அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்காதே. ஏன் காட்டல?"

அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து என் மகளின் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். ஊசியில் நூல் கோத்தது நான்தான்.

"அக்கா கேட்டது அவ பொண்ண. யாரோட செல்லையோ காட்டி இதுதான் உன் பொண்ணுன்னு எப்படிச் சொல்றது? முப்பது வருஷம் அந்த மைக்ராஸ்கோப்ல இல்லாததை இருக்குன்னு நான் சொன்னதில்ல." நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "அப்படித்தான் ரொம்ப நாள் நினைச்சுக்கிட்டிருந்தேன். இப்போ அவ வந்து கேட்டா, காட்டிடுவேன். மூணு நிமிஷம் பாத்துட்டுப் போயிருப்பா. வீட்டுக்குப் போய், பாப்பா சாப்பிட்டியான்னு போன் பண்ணியிருப்பா."

அவள் சட்டையை உதறி, பொத்தான் நேராக இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு, குழந்தைக்குப் பள்ளிக்கூட ஷூ கடிக்கிறது என்று சொன்னாயே, கடை மூடுவதற்குள் போய் மாற்றிவிடலாம் என்று எழுந்தாள். மூன்று பேரும் கிளம்பிப் போனோம்.